காரின் கூரையைத் தினமும் கழுவுகிறோம், அடிப்பாகத்தை யார் கழுவுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை மாலை உறவினர் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், பாசனக் கால்வாயான சானலின் கரையில் சற்று நேரம் நிற்க நேர்ந்தது. படித்துறையை ஒட்டிய சரிவில் நான்கு கார்களும் ஓர் ஆட்டோவும் சக்கரம் நனையும் அளவுக்குத் தண்ணீரில் இறக்கி நிறுத்தப்பட்டிருந்தன. ஒருவர் துணி துவைக்கும் பவுடரை வாளியில் கரைத்து நுரை பொங்க பானட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நுரை பத்தடி கீழே துணி அலசிக்கொண்டிருந்த பெண்களின் முழங்காலைச் சுற்றி வளைந்து சென்றது. அதன் ஓரத்தில் என்ஜின் எண்ணெய் நீலமும் ஊதாவுமாக மெல்லிய படலமாய் மின்னியது. வீட்டில் கழுவலாமே தம்பி என்று ஒருவரிடம் கேட்டேன். "ஓடுத வெள்ளந்தானே அண்ணாச்சி, எல்லாம் கடலுக்குப் போயிரும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போவதில்லை. வழியில் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் குளத்துக்கும் போய், மிச்சம் இருந்தால்தான் கடலைப் பார்க்கிறது.

இதை எழுதும் எனக்கு அவரைக் குறை சொல்லும் தகுதி முழுமையாக இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பணி ஓய்வுக்குச் சற்று முன்பு வாங்கிய சிறிய வெள்ளைக் காரை ஒன்பது ஆண்டுகள் அநேகமாக நாள்தோறும் காலையில் ஹோஸ் பிடித்துக் கழுவியவன் நான். தெருவில் என் கார்தான் பளிச்சென்று நிற்கும் என்று உள்ளூரப் பெருமையும் இருந்தது. சென்ற ஆண்டு பின்பக்கக் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் போல் உப்பியிருக்கக் கண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். டிங்கர் வேலை செய்பவர் வண்டியை ஏற்றி நிறுத்தி, கையிலிருந்த ஸ்குரூ டிரைவரின் முனையால் கதவுக்குக் கீழுள்ள படிப்பட்டியை மெல்லக் குத்தினார். அப்பளத்தைக் குத்தியது போல் அது உள்ளே இறங்கியது. இழுத்தபோது ஈரமான செந்துரு ஒரு கைப்பிடி அளவுக்குக் கொட்டியது. "மேலே கண்ணாடி மாதிரி வச்சிருக்கிய சார், அடியில என்னைக்காவது பாத்தியளா?" என்று கேட்டார். பார்த்ததில்லை. தகரம் வெட்டி வெல்டு வைத்துப் பெயின்ட் அடிக்க 18,000 ரூபாய் ஆயிற்று. அந்தச் செலவை விட அந்தக் கேள்விதான் மனத்தில் தங்கிவிட்டது.

என் வீடு கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜன்னல் கம்பிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பதும், கதவுக் கீல் ஐந்தாறு ஆண்டில் உதிர்ந்து விழுவதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதுமையல்ல. கம்பியைத் தின்னும் அதே உப்புக்காற்று காரைத் தின்னாது என்று எப்படி நினைத்தேன் என்று இப்போது வியப்பாக இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது; ஆகவே உப்புப் படிந்த இரும்பு, மழை பெய்யாத நாளிலும் முழுமையாகக் காய்வதில்லை. கூரையிலும் பானட்டிலும் பெயின்டின் பாதுகாப்பு உண்டு, மழையும் அவற்றை அலசிவிடும். மட்கார்டின் உள்மடிப்பு, படிப்பட்டியின் உள்பக்கம், சஸ்பென்ஷன் இணைப்புகள், பிரேக் குழாய் செல்லும் பாதை ஆகியவற்றுக்கு மழையால் நன்மை கிடைப்பதில்லை, ஏனென்றால் சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பும் அங்கேதான் ஒட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. போதாக்குறைக்குக் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளின் பின்கதவு வழியே ஒழுகும் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் சாலை நெடுகக் கோடு போட்டுச் செல்கிறது. அதன் பின்னால் போகும் ஒவ்வொரு வாகனத்தின் அடிவயிறும் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறது.

நான் ஒன்பது ஆண்டுகள் செய்தது என்னவென்றால், கழுவ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அவ்வளவாகக் கழுவத் தேவையில்லாத இடத்தைத் தினமும் கழுவியதுதான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தால் உவர்க்கும். உப்புக்காற்றில் நின்ற காரை உப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவிட்டு, கண்ணாடியில் படிந்த வெள்ளைப் புள்ளிகளை மறுநாள் அதே தண்ணீரால் தேய்த்திருக்கிறேன். படித்தவன் செய்கிற காரியமா என்று வீட்டில் இன்றும் கேட்கிறார்கள்.

தண்ணீரின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழுது பார்த்துத் திரும்பிய வாரத்தில், பழைய பழக்கம் எவ்வளவு தண்ணீரைக் குடித்தது என்று அறியும் ஆவலில், ஹோஸின் முனையை 15 லிட்டர் வாளிக்குள் விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றேகால் நிமிடத்தில் வாளி நிறைந்தது. அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். நான் கழுவி முடிக்க 25 நிமிடம் ஆகும், அதில் பாதி நேரம் ஹோஸ் தரையில் கிடந்து செம்பருத்திச் செடிக்குப் பாயும். ஆக ஒரு தடவைக்கு 300 லிட்டர். மாதத்தில் 25 நாள் என்று கொண்டாலும் 7,500 லிட்டர். கோடையில் எங்கள் பகுதிக்கு வரும் டேங்கர் லாரியிலிருந்து தெருவே குடம் குடமாகப் பிடிக்கும் தண்ணீரை நினைத்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்ற இரண்டும் பெய்யும் மாவட்டம் இது, இங்கே தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பார்கள். நாள்தோறும் நாளிதழ்களின் ஒரு மூலையில் வரும் அணைகளின் நீர்மட்டத்தைப் படிப்பவர்களுக்கு விடை தெரியும். 48 அடி பேச்சிப்பாறையும் 77 அடி பெருஞ்சாணியும் நிறைந்து உபரிநீர் திறக்கப்படும் மாதங்கள் உண்டு. நாகர்கோவில் மக்களுக்குக் குடிநீர் தரும் 25 அடி முக்கடல் அணையின் மட்டம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி மைனஸ் கணக்கில் அச்சாகும் கோடைகளும் உண்டு. அணையின் நீர்மட்டத்துக்கு மைனஸ் போட வேண்டிய நிலை வந்த ஊரில், குடிநீர்க் குழாயில் ஹோஸ் மாட்டிக் கார் கழுவும் காட்சி எந்தத் தெருவிலும் அரிதாக இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த நிலைக்கு நாம் போகும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறையை, அந்த டிங்கரும் வாட்டர் சர்வீஸ் நடத்தும் என் நண்பர் ஒருவரும் சொல்லித் தந்தபடி எழுதுகிறேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் முழுக் கழுவல். காலை எட்டு மணிக்கு முன்பு, நிழலில், பானட் குளிர்ந்திருக்கும்போது தொடங்குகிறேன், ஏனென்றால் சூடான தகரத்தில் நுரையும் தண்ணீரும் துடைப்பதற்குள் காய்ந்து தடம் பதித்துவிடும். முதலில் இரண்டு மக் தண்ணீரை மேலிருந்து ஊற்றித் தூசியை ஊறவிட வேண்டும். நான்குவழிச் சாலைப் பணியின் செம்மண்ணும் ஜல்லி லாரிகளிலிருந்து பறக்கும் பாறைப்பொடியும் படிந்த காரை உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் வட்ட வட்டமான கீறல்கள் எல்லாம் அப்படி வந்தவையே. பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ கரைத்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், மறுபடி ஷாம்பூவில் முக்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். முதல் நாள் அந்த இரண்டாவது வாளியின் அடியில் படிந்திருந்த மணலைக் கண்டதும், இத்தனை ஆண்டும் ஒரே வாளியில் முக்கி அந்த மணலையே கார் முழுவதும் தேய்த்திருக்கிறேன் என்று புரிந்தது. கூரை, கண்ணாடி, கதவின் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இறங்கி வந்து, சக்கரத்தைக் கடைசியாக, வேறு துணியால் துடைக்கிறேன். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் விளக்கும் சோப்பும் வேண்டாம். அழுக்கோடு சேர்த்து மெழுகுப் பூச்சையும் அவை எடுத்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீர்த் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர். 2003இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது முணுமுணுத்துக்கொண்டே கட்டிய தொட்டி அது. மழைநீரில் உப்பு இல்லாததால் கண்ணாடியில் ஒரு புள்ளி கூட விழுவதில்லை. எல்லாம் சேர்த்து 40 லிட்டருக்கு மேல் செலவாவதில்லை. மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, வண்டியை எடுத்துத் தெருக்கோடி வரை ஓட்டி நாலைந்து முறை பிரேக்கை அழுத்திவிட்டு வருகிறேன். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு இரண்டு நாள் நிறுத்தினால், மழைக்காலத்தில் பின்சக்கரம் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கிடையே காக்கை எச்சமோ வௌவால் எச்சமோ விழுந்தால் பதினைந்து நாள் காத்திருக்கக் கூடாது. அன்றே ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும், விட்டால் பெயின்டை அரித்து வட்டமாகத் தடம் விடும். மாமரத்தடியில் வண்டி நிறுத்துபவர்கள் பூக்கும் பருவத்தில் வடியும் பிசுபிசுப்பையும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

அடிப்பாகத்துக்கு மாதம் ஒருமுறை ஒதுக்கியிருக்கிறேன். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் ஏற்றி நிறுத்தி, மட்கார்டின் உள்பக்கமும் படிப்பட்டியும் மட்டும் பிரஷர் தண்ணீரால் அடிக்கச் சொல்கிறேன். வெளியே நுரை போட்டுத் தேய்ப்பதில் அவர்கள் காட்டும் ஆர்வம் இதில் இருப்பதில்லை, பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. என்ஜின் மீது பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். சென்சாரிலும் வயர் இணைப்பிலும் தண்ணீர் ஏறினால் வேறு செலவு வரும். பிறகு கதவுகளைத் திறந்து, அடி விளிம்பில் இருக்கும் சிறு வடிகால் ஓட்டைகளைத் தென்னை ஈர்க்குச்சியால் குத்தி விடுகிறேன். கண்ணாடியின் இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்த ஓட்டைகள் இவை. என் காரில் இடப்பக்கக் கதவின் இரண்டு ஓட்டைகளும் சருகுப்பொடியும் மண்ணும் கலந்து அடைபட்டிருந்தன. ஈர்க்குச்சி ஏறியதும் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. காரை வைத்திருக்கும் எவரும் இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இந்த ஈர்க்குச்சியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

எல்லோருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நாள் முழுவதும் புழுதி பறக்கும் தோவாளைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாரம் ஒரு முறை தூசியை அலசுவது தேவைப்படலாம். ஆனால் அங்கே உப்புத் தொல்லை குறைவு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துச் சாலைகளில் ஓடும் வண்டிக்குச் சேறும், வைப்பருக்கு அடியில் சேரும் இலையும்தான் பகை. கடலோரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் மேல்பக்கத்தை எப்படி வைத்திருந்தாலும் அடிப்பக்கத்தை மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும். ஆயுத பூசைக்குக் கழுவிச் சந்தனம் வைப்பதையோ, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதற்காகச் சனிக்கிழமை மாலை வண்டியைத் துடைப்பதையோ யாரும் விட வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வாளி போதும் என்பதுதான் செய்தி. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வாங்கித் தரும் பிரஷர் வாஷர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஹோஸைக் காட்டிலும் அது குறைவாகவே தண்ணீர் எடுக்கும். ஆனால் விளையாட்டுப் பொருள் போல் அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த மிச்சம் கணக்கில் தங்காது.

சானலுக்குத் திரும்புகிறேன். தோவாளைச் சானலும் அனந்தனார் சானலும் நாஞ்சில் புத்தனார் சானலும் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகத்துக்குமான தண்ணீரைக் கொண்டு செல்பவை. வழியெங்கும் மக்கள் குளிக்கிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள், துணி துவைக்கிறார்கள். சோப்பு அதிலும் கலக்கிறதே என்று வாதிடலாம். வாகனத்திலிருந்து கழுவப்படுவதில் சோப்பு மட்டும் இல்லை. என்ஜின் எண்ணெய், கிரீஸ், டீசல், பிரேக்கிலிருந்து உதிரும் உலோகத் துகள் எல்லாம் இருக்கின்றன. சோப்புப் பவுடரின் சத்து சேரச் சேர ஆகாயத்தாமரைக்கு அது உரமாகிறது. பிறகு அதையே அள்ளுவதற்கு ஒவ்வோர் ஆண்டும் பொதுப்பணம் செலவழிக்கிறோம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது மாவட்டமே பெருமைப்பட்டது. அந்தக் குளங்களும் இந்தச் சானல்களும் வேறு வேறு உலகத்தில் இல்லை. நீர்நிலையில் மாசு கலக்க விடுவதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடை செய்கிறது என்றாலும், சனிக்கிழமை மாலை படித்துறைக்கு அந்தச் சட்டம் வந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் கழுவ இடமில்லாத ஆட்டோ ஓட்டுநர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் வேறு எங்கே போவார்கள் என்பது நியாயமான கேள்வி. வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் கட்டணம் கொடுக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அபராதப் பலகை வைப்பதோடு நிறுத்தாமல், நாகர்கோவில் மாநகராட்சியும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வாகன நிறுத்தங்களை ஒட்டிச் சிமென்ட் தளமும், மணல் படியும் தொட்டியும், எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் கொண்ட சிறு கழுவுமிடங்களைக் குறைந்த கட்டணத்தில் அமைத்துத் தர வேண்டும். தனியார் வாட்டர் சர்வீஸ் நிலையங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, அங்கே இந்த இரண்டு தொட்டிகளும் உண்மையில் இருக்கின்றனவா, கழிவுநீர் தெரு ஓடைக்குள் போகிறதா என்று அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும். தேய்த்துக் கழுவிய தண்ணீரைத் தெளியவிட்டு, அடுத்த வண்டியின் முதல் அலசலுக்கு மறுபடி பயன்படுத்துவது கடினமான தொழில்நுட்பம் அல்ல. என் நண்பர் இரண்டு சிமென்ட் உறைகளைக் கொண்டே அதைச் செய்துவருகிறார்.

நீர்வளத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். சானல்களில் தண்ணீர் நிறுத்தப்படும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் தூர்வாரும் பணி நடப்பது வழக்கம். அந்தப் பணியின்போதே, வாகனங்கள் இறங்கும் சரிவுகளை அடையாளம் கண்டு, ஆளும் மாடும் இறங்கலாம், கார் இறங்க முடியாது என்ற அளவுக்கு இடைவெளி விட்டுக் கல்தூண்களை நட்டுவிடலாம். நான் பார்த்த படித்துறைக்கு நான்கு தூண் போதும். ஜூன் மாதம் கன்னிப்பூச் சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை அணை திறக்கப்படுவதற்கு முன் அவற்றை நட்டு முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி மாவட்டம்.